அரை ராத்தல் ஆணி

ஐந்து தேர்தலில் அவனிடம் மண்ணைக் கவ்வியவன் நான்.
அவனைப் பற்றிச் சொல்ல
என்னைவிடத் தகுதியானவன் இந்த ஊரில் இல்லை.

ஓவிலா லவாஸர், வக்கீல்.
முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒற்றை அறை.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
மூன்றாவதாக யாராவது வந்தால்
அவன் எழுந்து நிற்பான்.
மெய்ன் மாநிலத்துக் குளிர்காலத்தில்
வக்கீலுக்குக் கொடுக்க யாரிடம் காசு இருந்தது?
முதல் கட்சிக்காரர் கொண்டுவந்தது மானின் பின்னந்தொடை.
வசந்தம்வரை படியில் கறை இருந்தது.

மேசையில் ஆங்கிலம், படிக்கட்டில் பிரெஞ்சு.
அழ வேண்டியவர்களை அவன்
படிக்கட்டிலேயே உட்காரவைத்துப் பேசுவான் என்று
கீழே முகம் மழிக்கும்போது கேட்டிருக்கிறேன்.
ஒரு சொல்லும் புரியாது.
விசும்பல் மட்டும் புரியும்.

அறுபத்தொன்று, மார்ச் மாதம், ஊர்க்கூட்டம்.
எங்கள் குடும்பப் பெயர்
பாலத்தின் கல்லிலேயே இருக்கிறது: ஸ்டின்சன்.
கல்லுக்கு ஓட்டு இல்லையே.
பதினொரு பேரில் தோற்றேன்.

அதற்கு முந்தின வாரம்
பலகை அறைய ஆணி வேண்டுமென்று
என் கடைக்கே வந்து நின்றான்.
ஊருக்கு ஒரே இரும்புக்கடை, அவனும் என்ன செய்வான்?
அரை ராத்தல் நிறுத்துப் போட்டேன்.
தராசில் குறை வைக்கவில்லை.
வேறு இடத்தில் வைத்தேன்.

பிறகு எல்லாம் அவன்தான்.
பனி தள்ளும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போவது,
செத்த குதிரையை யார் செலவில் புதைப்பது,
பள்ளிக்கூடக் கொதிகலன்,
கல்லறை வேலி.
மூன்று மணி நேரம் கத்துவார்கள்.
அவன் பென்சிலைக் காதில் செருகியபடி
கடைசியில் ஒரு வாக்கியம் சொல்வான்.
அதில் எல்லாரும் பாதிப் பாதி தோற்றிருப்பார்கள்.
அதுதான் அவன் வித்தை.

அகஸ்டாவுக்குப் போனான், மாநில அவைக்கு.
அடுத்து செனட்.
ஒவ்வொரு முறையும் நான் எதிரே நின்றேன்,
ஒவ்வொரு முறையும் அரை ராத்தல் ஆணி.
நான்காவது தோல்வியில் என் மனைவி மார்சியா சொன்னாள்:
"பேசாமல் அவருக்கு ஆணியை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள்,
லாபக் கணக்கில் எழுதும்போது உங்கள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை."

ஆறு.
ஆற்றைச் சொல்லாமல் முடியாது.
காகித ஆலைக்குக் கீழே
பழுப்பு நுரை ஆள் உயரம் நிற்கும்.
ஆகஸ்டில் கரையோர வீடுகளில்
ஜன்னலைத் திறக்க மாட்டார்கள்.
ஆலையின் ஒப்பந்தங்களை எழுதியது ஓவிலா.
ஆலையில் கைவிரல் இழந்தவர்களுக்கு
ஆலையிடமிருந்தே பணம் வாங்கித் தந்ததும் ஓவிலா.
இரண்டு பக்கமும் அவன் மேசையில் காபி குடித்தது.

கழிவுநீர் மசோதா வந்த நாளில்
நான் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன்,
அவன் வழுக்கி விழுவதைப் பார்க்க
எழுபது மைல் வண்டி ஓட்டிப் போயிருந்தேன்.
பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள்.
பாதி பாதியாக்கும் வாக்கியம் ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.
"லவாஸர்."
"ஆம்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

ஆலை ஒரு ஷிப்டை நிறுத்தியது.
ஓவிலா யாருக்கெல்லாம் உயில் எழுதினானோ
அவர்கள் தெருவின் மறுபக்கம் நடந்தார்கள்.
படிக்கட்டில் அழ யாரும் வரவில்லை.

அந்தத் தேர்தலில் நான் நிற்கவில்லை.
முழங்கால் வலி என்று சொன்னேன்.
நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன்,
நாய்கூட ஜெயித்திருக்கும்.
கடலோரத்திலிருந்து வந்த மனை வியாபாரி ஒருவன்,
ஊரின் பெயரைத் தப்பாக உச்சரிப்பவன்,
நானூறு ஓட்டில் ஜெயித்தான்.

திரைக்குப் பின்னால், வாழ்க்கையில் முதல்முறையாக,
லவாஸர் பெயருக்கு எதிரே கோடு போட்டேன்.
மார்சியாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துக் கடைக்கு வந்தான்.
கையில் காகிதப் பை.
"இந்த முறை பலகை வைக்க
யாரும் முற்றம் தரவில்லை, எல்ப்ரிட்ஜ்.
திருப்பி எடுத்துக்கொள்வாயா?"

தராசில் கொட்டினேன்.
அரை ராத்தலுக்கு ஓர் ஆணி குறைந்தது.
எங்கே அடித்தாய் என்று கேட்கவில்லை.
முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தேன்.
அவனும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டான்.